கரண்டு போகவில்லை

யானை மேடையேறிய கதையைச் சொல்லச் சொல்லி உங்களில் இரண்டு பேர் வாசலிலேயே கேட்டுவிட்டீர்கள். போன பயிற்சி வகுப்பில் அதைச் சொன்னபோது எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். இன்றைக்கு அது வேண்டாம். சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போதெல்லாம், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் செய்யும் வேலைக்கு இப்போது ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்று ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் காலத்தில் பெயர் கிடையாது. திருவனந்தபுரத்தில் ஒரு விழாக் கமிட்டி. அதன் ஆபீஸில் நான் புரோகிராம் அசிஸ்டென்ட். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் யாராவது விசாரித்தால் என் அம்மா, ‘பந்தல் வேலையில் இருக்கான்’ என்பாள். அதுவும் பொய்யில்லை. பந்தல், மேடை, மைக்செட், பாட வருகிறவர்களுக்கு வெந்நீர், மந்திரிக்கு மாலை, எல்லாம் நாங்கள்தான்.

என் மேலதிகாரியை எல்லோரும் சார் என்றே கூப்பிட்டோம். பெயரைச் சொல்ல மாட்டேன். பாறசாலைப் பக்கத்துத் தமிழர், ஞாயிற்றுக்கிழமை சர்ச் தவறாதவர், யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த நல்லது எல்லாம் அவரிடம் கற்றதுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். பெரிய பாகவதர் ஒருவர், வயதானவர், கச்சேரி நடுவே வரி மறந்து நின்றுவிட்டார். திரும்பத் திரும்ப ஒரே அடியைப் பாடுகிறார். முன்வரிசையில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. சார் ஓசைப்படாமல் வந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். பிறகு மேடையேறி, கரண்டு போய்விட்டது, ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று தொண்டையைத் திறந்து அறிவித்தார். பாகவதர் உள்ளே போய் வெந்நீர் குடித்து, பாட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அன்றைக்குப் பிரமாதமாகப் பாடினார்.

“மேடையில நிக்கவன் மானம் நம்ம கையில இருக்கு, கேட்டியா” என்றார் சார் அன்று என்னிடம்.

அதற்குப் பிறகு ‘கரண்டு போச்சு’ என்பது எங்கள் ஆபீஸில் ஒரு பரிபாஷை ஆகிவிட்டது. யாரையாவது அவமானத்திலிருந்து காப்பாற்ற வேண்டுமென்றால் கரண்டு போகும். அதைப் பற்றி எங்களுக்குப் பெருமைகூட உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் பொருட்காட்சிக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. யாரோ ஒருவர் ‘ஆதிவாசி ஊர்’ என்றார். மைதானத்தில் மூங்கில் குடில்கள் போட்டு, நிஜமான ஆதிவாசிகளை அதில் குடியிருக்க வைத்தால், டவுன்காரர்கள் வந்து பார்ப்பார்கள், குழந்தைகளுக்கும் அறிவு வளரும். அந்த அறையில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எனக்கும்தான். குடிலுக்கு எத்தனை மூங்கில் ஆகும் என்று நான் அப்போதே மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆட்களை அழைத்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. போனக்காட்டுக்கு மேலே காட்டுக்குள் காணிக்காரர்கள் என்ற ஆதிவாசிகளின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்கள் பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். எங்கள் வீட்டுப் பேச்சும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால், ‘உன்னை விட்டா வேற ஆளில்ல’ என்றார் சார். தம்பானூரில் பஸ் ஏறி, தேயிலை எஸ்டேட் லைன் வீடுகள்வரை போய், அங்கிருந்து ஓடை ஓரமாக ஏறினேன்.

ஊர்த்தலைவரை அவர்கள் மூட்டுக்காணி என்கிறார்கள். அந்த ஊரின் மூட்டுக்காணி ஈச்சன் காணி. அறுபது வயதிருக்கும். கட்டம்போட்ட லுங்கி, அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பீடிக்கட்டு. நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பக்கத்தில் அவருடைய தங்கை மகள் சரோஜினி நின்றிருந்தாள். பத்தாவது வரை படித்துவிட்டு அங்கன்வாடியில் வேலை பார்க்கிற பெண். முப்பது வயதுக்குள் இருக்கும்.

“ஆரு பாக்க வருவாங்க?” என்று கேட்டாள்.

ஊரே வரும், மந்திரி வந்து தொடங்கி வைப்பார் என்றேன்.

மந்திரி என்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்த மலைப்பகுதியை ஏதோ ஒரு திட்டத்துக்காகக் காலி செய்யப்போகிறார்கள். இவர்களைக் கீழே இறக்கி, ரோட்டோரம் வரிசையாக வீடு கட்டிக் குடியேற்றுவதாக ஏற்பாடு. அதிகாரிகள் வந்து அளந்துவிட்டும் போயிருந்தார்கள். இவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வைப்பதற்கு இவர்கள் ஏறி இறங்கிய ஆபீஸ்களில் யாரும் இவர்களை உட்காரச் சொல்லவில்லை.

ஈச்சன் காணி சொன்னார்: “குடில்ல இருக்கச் சொன்னா இருக்கோம். பாட்டு பாடச் சொன்னா பாடறோம். மந்திரிகிட்ட எங்க காரியத்தை நான் சொல்லணும். சொல்ல விடுவியளா?”

நான் திரும்பி வந்து சாரிடம் கேட்டேன். சார் உடனே சம்மதித்தார். “பின்ன? ரெண்டு நிமிஷம் பேசட்டும். மந்திரிக்கும் நல்ல பேரு” என்றார். மறுபடி மலையேறிப் போய் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கின் பேரில் பதினைந்து இருபது பேர் பாயும் பாத்திரமுமாகத் திருவனந்தபுரம் வந்து இறங்கினார்கள்.

தொடக்க விழா நாள் காலையில் கமிட்டிக்காரர் ஒருவர் குடில்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். லுங்கியும் சட்டையும் சேலையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்களைப் பார்த்தால் தம்பானூர் பஸ்ஸ்டாண்டில் நிற்கிற கூட்டம் மாதிரி இருக்கிறது, இதைப் பார்க்க எவன் வருவான் என்றார். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் நாடக உடை வாடகைக்குக் கொடுக்கும் கடையிலிருந்து ஒரு மூட்டை வந்தது. இலைப் பாவாடைகள். பச்சை சாட்டின் துணியை இலை இலையாக வெட்டித் தைத்தவை. பிளாஸ்டிக் மணிமாலை, கோழி இறகு செருகிய கிரீடம்.

அதை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி சார் என்னை அனுப்பினார். போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மந்திரி வர நேரம் அதிகமில்லை. ‘எடே, ஒரு போட்டோவுக்குத்தான்னு சொல்லு’ என்றார்.

ஈச்சன் காணி ஒரு பாவாடையை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

“இது என்ன மரம்?” என்று கேட்டார்.

கேலியாகத்தான் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சரோஜினி மூட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். பெண்களுக்கு மார்க்கச்சை மாதிரி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். கோபப்படவில்லை. எங்கள் ஊரில் யாரும் இதைக் கட்டியதில்லை, நான் கட்ட மாட்டேன், என்னோடு வந்த பெண்களும் கட்ட மாட்டார்கள் என்று நிதானமாகச் சொன்னாள்.

கமிட்டிக்காரர், அப்படியானால் மந்திரி குடில் பக்கம் வர மாட்டார், மேடையோடு போய்விடுவார் என்றார். அது மிரட்டல் இல்லை என்பதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மாமனும் மருமகளும் தள்ளிப் போய்ப் பேசினார்கள். காதில் விழுகிற தூரத்தில்தான் நான் நின்றேன். சரோஜினி, “இதைக் கட்டிட்டு நின்னா அவங்க உன்னைப் பாப்பாங்க மாமா, கேக்க மாட்டாங்க” என்றாள். ஈச்சன் காணி, “பாக்காம எப்படிக் கேப்பாங்க?” என்றார். அப்புறம், ஒரு நாள் வெட்கப்பட்டுவிட்டுப் போகிறேன், ஊர் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, பாவாடையை எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போனார்.

வெளியே வந்தபோது லுங்கிக்கு மேலேயே அதைக் கட்டியிருந்தார். சட்டையைக் கழற்றியிருந்தார். தலையில் கோழி இறகு. அவருடைய பேரப்பிள்ளைகள் வயதுள்ள எங்கள் வாலண்டியர்கள் சிரித்தார்கள். நான் அதட்டினேன். அதட்டியதோடு என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் மந்திரி வந்தார். மேடைப் பேச்சு முடிந்து, குடில் பக்கம் போட்டிருந்த சின்னப் பந்தலுக்கு வந்து உட்கார்ந்தார். தலைக்கு மேலே ஃபேன். எதிரே மைக். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நான். எனக்குப் பின்னால் சார். செண்டைக்காரர்கள் ஓரமாகத் தயாராக நின்றார்கள்.

ஈச்சன் காணி மைக் முன்னால் வந்து கும்பிட்டார். போட்டோக்காரர்கள் நெருக்கியடித்தார்கள். அவர் பேசியதை என்னால் முடிந்தவரை அப்படியே சொல்கிறேன்.

“நான் இன்னைக்குக் கட்டியிருக்கது எங்க துணி இல்ல. கட்டச் சொன்னாங்க, கட்டினேன். நாங்க காட்டுக்கு வந்தவங்க இல்ல, காட்டுல இருந்தவங்க. இப்ப எறங்கச் சொல்லுறாங்க. எறங்கினா வீடு கிடைக்கும்னு சொல்லுறாங்க. எங்கள்ல சீக்கு விழுந்த தீனக்காரனுக்கு நாங்க பாட்டு பாடித்தான் தீனம் மாத்துவோம். அந்தப் பாட்டுல ஒவ்வொரு மலையையும் பேரு சொல்லி விளிக்கணும். ரோட்டுல நின்னு விளிச்சா மலைக்குக் கேக்குமா? செத்தவங்களை அங்கேயே விட்டுட்டு…”

மந்திரியின் பக்கத்தில் நின்றிருந்த ஆள் சாரைப் பார்த்துக் கையைக் கீழ்நோக்கி அசைத்தார். சார் என்னைப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயரின் சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. என் கை அசையவில்லை. ஒரு நொடி பார்த்துவிட்டு, சார் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அவரே அணைத்தார்.

என் கை அசையவில்லை என்பதை நான் ரொம்ப நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அசையாத கை தடுக்கவும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

சத்தம் நின்றது ஈச்சன் காணிக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். கையை மலைப் பக்கமாகக் காட்டினார், நெஞ்சைத் தொட்டார். உதடு அசைகிறது, குரல் வரவில்லை, தலையில் இறகு ஆடுகிறது. ஏதோ நடிப்பு என்று நினைத்து முன்வரிசையில் கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்டதும் செண்டைக்காரர்கள் கொட்டத் தொடங்கினார்கள். மந்திரி எழுந்து கும்பிட்டார்.

அப்போது சரோஜினி குறுக்கே வந்து நின்றாள். மஞ்சள் நைலான் சேலை, கையில் வாட்ச். மாமா பாதிதான் சொன்னார், மீதியை நான் சொல்கிறேன் சார் என்று சுத்தமான மலையாளத்தில் சொன்னாள். மந்திரி மரியாதையாக நின்றார். நீங்கள் எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டார். நான் இந்த ஊர்தான், காணிக்காரிதான் என்றாள். மந்திரி அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாரைப் பார்த்தார். சார் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஒரு போட்டோக்காரர், சேலை கட்டியவர் கொஞ்சம் விலகி நிற்கட்டும், படம் கெடுகிறது என்றார். மந்திரி சிரித்தபடி நடந்துவிட்டார்.

இலை கட்டியவரைப் பார்த்தார்கள், கேட்கவில்லை. சேலை கட்டியவளை ஆதிவாசி என்றே நம்பவில்லை. எந்த உடுப்பில் வந்திருந்தால் நாங்கள் கேட்டிருப்போம் என்று யோசித்துப் பார்த்தால், அப்படி ஒரு உடுப்பே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கூட்டம் கலைந்த பிறகு சார் குடிலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஈச்சன் காணி இறகைக் கழற்றிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். சார் எதற்காகப் போனார் என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கத்தான். வாய் திறந்தபோது வேறொன்று வந்தது.

“மூட்டுக்காணி, கரண்டு போயிட்டுது” என்றார்.

கிழவர் எழுந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் சாரைச் சமாதானப்படுத்தினார். கரண்டு யார் கையில் இருக்கிறது, நீங்கள் சொன்ன வாக்கைக் காப்பாற்றி என்னை மைக் முன்னால் நிறுத்தினீர்கள், அது போதும் என்றார். குடிலின் மூலையில் சரோஜினி பையில் துணிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சாயங்கால பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள். ஈச்சன் காணி பொருட்காட்சி முடியும்வரை இருந்தார். இருப்பதாகச் சொல்லியிருந்தாராம்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஆபீஸ் காரியமாக டவுனுக்கு வரும்போது, அவர் எங்கள் ஆபீஸுக்கும் வருவார். ஒரு குப்பி மலைத்தேன் சாருக்குக் கொண்டுவருவார். மந்திரி மறுபடி எப்போது வருவார் என்று கேட்பார். சார் அந்த நாளில் மத்தியானம் சாப்பிட மாட்டார். தேனை வீட்டுக்கும் கொண்டுபோக மாட்டார், ஆபீஸ் பியூன்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். எனக்கும் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன், தின்றும் இருக்கிறேன்.

சார் ரிட்டயர் ஆனார். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். ஒரு நாள் சரோஜினி என் ஆபீஸுக்கு வந்தாள். நடுவில் அவள் நிறையப் போராட்டங்களில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். செக்ரட்டேரியட் வாசலில் மழையில் பிளாஸ்டிக் ஷீட்டைத் தலைக்குமேல் பிடித்தபடி இருந்தவர்களிடையே ஒருமுறை பஸ்ஸிலிருந்து அவளைப் பார்த்தேன். இறங்கவில்லை.

ஊரைக் காலி செய்யும் விவகாரத்தில் இப்போது ஒரு விசாரணை வைத்திருக்கிறார்கள் என்றாள். ‘ஊர்க்காரர்கள் இதுவரை எந்த எதிர்ப்பும் தெரிவித்ததில்லை’ என்று ஃபைலில் இருக்கிறதாம். அன்றைக்கு மந்திரி முன்னால் மாமா பேசியதற்குச் சாட்சி வேண்டும். படமெல்லாம் இருக்கிறது, ஆனால் படத்தில் இலையும் இறகும்தான் தெரிகிறது, பேச்சு தெரியவில்லை.

“நீங்களும் சாரும் வந்து சொல்லணும். மைக்கு எதனால நின்னுதுன்னும் சொல்லணும்” என்றாள்.

கரண்டு போனதை… என்று நான் இழுத்தேன்.

“மந்திரி தலைக்கு மேல ஃபேன் சுத்திட்டுத்தான் இருந்துது சார்” என்றாள் அவள். “மாமா நம்ப மாட்டேங்காரு. மைக்கு கரண்டு வேற, ஃபேன் கரண்டு வேறன்னு சொல்லிட்டிருக்காரு. அந்த சாரைப் பத்தி நான் தப்பா சொன்னா எங்கிட்ட பேசமாட்டாரு. இதுல ஞங்களுக்குள்ள எத்தனையோ சண்டை ஆயாச்சு.”

அன்று சாயங்காலமே சாரின் வீட்டுக்குப் போனேன். விசாரணைக்குத் தன்னால் வரமுடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். உடம்பு சரியில்லை என்றார், அது உண்மைதான். பிறகு எனக்கு ஒரு யோசனை சொன்னார். அவர்கள் வந்ததையும் பேசியதையும் சொல்லிவிடு. நடுவில் கரண்டு போயிற்று என்று சொல்லு. அவர்களுக்கு வேண்டிய சாட்சி அதிலேயே வந்துவிடுகிறது. உன் வேலைக்கும் ஆபத்தில்லை. அந்தக் கிழவனும் நிம்மதியாக இருப்பான்.

“அவன் மனசு நோகக்கூடாது, கேட்டியா” என்றார்.

இதில் எது தப்பு என்று அன்று இரவெல்லாம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் நல்லதாகத்தான் இருந்தது. உங்களுக்கும் இப்படி யோசனைகள் வரும். எல்லோருக்கும் நல்லது என்று தோன்றும் யோசனையைத்தான் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்க்க வேண்டும்.

விசாரணை நடந்த அறை சின்னது. ஊர்க்காரர்கள் பின்னால் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஈச்சன் காணி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, சார் வரவில்லையா, சுகமாக இருக்கிறாரா என்று சைகையிலேயே கேட்டார்.

நான் சாட்சி சொன்னேன். இவர்கள் பேசுவதற்காகத்தான் வந்தார்கள், அந்த வாக்கைக் கொடுத்தவன் நான், மூட்டுக்காணி இன்னின்னது பேசினார், நடுவில் ஒலிபெருக்கி நின்றுவிட்டது. விசாரணை அதிகாரி நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். மின்தடையா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஈச்சன் காணி, எனக்கு உதவி செய்யும் ஆர்வத்தில், “ஆமா சாரே, கரண்டு போச்சு” என்றார்.

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, அப்படியென்றால் அது யார் குற்றமும் இல்லை என்றார். கரண்டு வந்தபிறகு பேசியிருக்கலாமே, மறுநாள் பேசியிருக்கலாமே, பேசவில்லை. அதனால் எதிர்ப்பு முறையாகத் தெரிவிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?

சரோஜினி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் இவ்வளவுதான் என்று முன்பே தெரிந்துவைத்திருந்தவள் மாதிரி இருந்தாள். அவள் என்னைப் பார்த்திருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ.

“கரண்டு போகவில்லை. நாங்கள்தான் நிறுத்தினோம்” என்றேன்.

நாங்கள் என்றால் யார் என்று கேட்டார் அதிகாரி. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்தது நான் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எதற்காக நிறுத்தினீர்கள் என்றார். மந்திரிக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தோம் என்றேன். எழுதிக்கொண்டார்.

அறையில் யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் திரும்பி ஈச்சன் காணியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஊரில் ஒவ்வொருவரிடமும் அந்தச் சாருக்காக வாதாடியவர். தேன்குப்பியைத் துணியில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். அந்த வெட்கம் அவர் முகத்தில் வந்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள். அவர் முகத்தில் வந்தது. பக்கத்தில் இருந்த மருமகளிடம் மெதுவாகத் திரும்பினார்.

“நீ சொன்னதுதான் சரி மோளே” என்றார்.

சரோஜினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயித்தவளுடைய முகமாக அது இல்லை. மாமா சொன்னதே உண்மையாக இருந்திருக்கக்கூடாதா என்று அவளும் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருப்பாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெளியே வந்ததும் நேராகச் சாரிடம் போய்ச் சொன்னேன். என் பேரைச் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அது அவருக்கு நிம்மதி தரவில்லை. “சொல்லியிருக்கலாம்டே” என்றார். அப்புறம் அந்தக் கிழவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் சொன்னேன். சார் எழுந்து உள்ளே போய்விட்டார். அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் மட்டும் குடித்துவிட்டு வந்தேன். அதன் பிறகு நாங்கள் பலமுறை சந்தித்தோம், அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவர் நல்லவர். இதைக் கேட்டபிறகு நீங்கள் அவரைக் கெட்டவர் என்று நினைத்தால் நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். பாகவதரைக் காப்பாற்றிய அதே கைதான். கையை நீட்டுவதற்கு முன்னால், யாருடைய மானத்துக்காக இதைச் செய்கிறோம் என்று அன்றைக்கு அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான். நானும் அவரைக் கேட்கவில்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. விசாரணையில், ஊர்க்காரர்களை அவர்களுடைய ஊரிலேயே கூட்டிவைத்து மறுபடி கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. என் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம்தான் அதற்குக் காரணம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். சரோஜினியும் மற்றவர்களும் உட்கார்ந்த மழைக்கும் வெயிலுக்கும் முன்னால் அது ஒன்றுமே இல்லை. அவர்கள் இன்றைக்கும் அந்த மலையில்தான் இருக்கிறார்கள்.

ஊரில் கூட்டம் நடப்பதற்கு முந்தின நாள் சரோஜினி ஒரு ஜீப்பில் வந்தாள். கூட இரண்டு பெண்கள். மைக்செட் ஒன்று வேண்டும் என்றாள். தருகிறேன், நானே எடுத்துக்கொண்டு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எனக்கு வர வேண்டும் என்று இருந்தது. அன்று பாதியில் நின்ற பேச்சைக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

“செட்டு மட்டும் மதி சார். ஆளு வேண்டாம்” என்றாள். “பின்ன, எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லித் தாங்க.”

கடுமையாகச் சொல்லவில்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். நான் வராந்தாவில் எல்லாவற்றையும் பரப்பிவைத்து, பேட்டரியை எப்படி இணைப்பது, எதைத் திருகினால் குரல் கூடும், எதற்காகக் கீச்சிடும் என்று மூன்று பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். சரோஜினி தானே எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்த்தாள், கழற்றினாள், மறுபடி பூட்டினாள். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் செட்டைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினாள். கேட்கலாமா கூடாதா என்று தயங்கிவிட்டு, மூட்டுக்காணி பேசினாரா என்று கேட்டேன்.

“முழுக்கப் பேசினாரு” என்றாள்.